திசை தப்பியவர்களின் மணல்மேடு

திருச்செந்தூரிலிருந்து குலசேகரன்பட்டினம் தாண்டித் தெற்கே போனால், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மணல்மேடு தெரியும். அதன் உச்சியில்தான் மணப்பாட்டின் திருச்சிலுவைக் கோவில். செப்டம்பர் 14 திருநாளுக்கு மேடு கொள்ளாத கூட்டம் வரும். எனக்கு அந்த ஊர் என்றால் தவக்காலம்தான். பங்குனி வெயிலில் மணல் காலைப் பொசுக்கும், உதட்டில் உப்பு படியும், கோவிலில் பத்துப் பேர் இருப்பார்கள்.

சாம்பல் புதனோடு ஆச்சி வீட்டு அடுப்பின் வாசனையே மாறிவிடும். சுத்தபோசன நாளில் இறைச்சிதான் ஆகாது, மீன் ஆகும் என்பது திருச்சபைச் சட்டம். உரோமையில் உட்கார்ந்து அதை எழுதியவர்கள் எங்கள் கடற்கரையை நினைத்திருக்க மாட்டார்கள். மூன்று வேளையும் மீன் மணக்கிற ஊரில் மீன் எப்படித் தவமாகும்? ஆச்சி தானாகவே மீனையும் கருவாட்டையும் நிறுத்திவிடுவாள். கஞ்சியும் தேங்காய்த் துவையலும்தான். இரவானால் அட்டை கிழிந்த வியாகுலப் பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவாள். கோவாவில் பிறந்து, இலங்கையில் மறைப்பணி செய்து, 1742-இல் அங்கேயே இறந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதியது. ஆச்சி அதை வாசிப்பதில்லை, இழவு வீட்டு இழுப்பில் பாடுவாள். மாதா அழும் இடம் வந்தால் முந்தானை கண்ணுக்குப் போகும்.

படிப்பு முடிந்து, வேலை அமையாமல், சென்னை அறையைக் காலி செய்துவிட்டு ஒரு தவக்காலம் முழுக்க அங்கே கிடந்தேன். முழங்காலில் நின்றால் ஒரு வார்த்தை வராது. பார்க்கிறவர்கள் எல்லாம் “ஆண்டவர் வழி காட்டுவார் தம்பி” என்பார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் எரிச்சலாக இருக்கும்.

ஐந்தாம் வாரம் உபதேசியார் ஏணி போட்டுச் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடினார். ஒவ்வொன்றின் கழுத்திலும் சணலைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சை இறுக்கினார். கோவில் முழுக்க முகமில்லாத உருவங்கள். யாரைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்ற என்னை ஆச்சி முழங்கையால் இடித்தாள். “ஏலே, சாமியே மூஞ்சிய மூடிட்டு நிக்காரு. நீ மட்டும் எதுக்குலே சிரிச்ச மூஞ்சியா நிக்கணும்?”

மணப்பாடே வழி தெரியாமல் வந்தவர்களின் ஊர்தானே என்று அப்போதுதான் தோன்றியது. 1540-இல் புயலில் சிக்கி அலைந்த போர்த்துகீசியக் கப்பல் ஒன்று இங்கே கரை ஒதுங்கியதாகவும், நேர்ச்சைப்படி அதன் தலைவன் பாய்மரத்தில் சிலுவை செய்து மேட்டில் நட்டதாகவும் சொல்வார்கள். கோவில் எழுந்தது 1581-இல். மேட்டுக்குக் கீழே கடலைப் பார்த்திருக்கும் குகையில் பிரான்சிஸ் சவேரியார் தங்கினார் என்பது ஊர் வழக்கு. அவர் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். தமிழ் தெரியாது. 1544-இல் தோழர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், மொழிபெயர்க்க ஆளில்லாமல் தனியே கிடக்கிறேன், நான் பேசுவது அவர்களுக்கும் அவர்கள் பேசுவது எனக்கும் புரியாதபோது என் பாட்டை நீங்களே நினைத்துப் பாருங்கள் என்று புலம்பியிருக்கிறார். பீடத்தில் நிற்கும் சவேரியாரைவிட இந்தச் சவேரியார் எனக்கு நெருக்கமானவர்.

பெரிய வெள்ளியன்று மணி அடிக்காது, மரக்கட்டைதான் தட்டுவார்கள். பீடத்தில் விரிப்பில்லை. நற்கருணைப் பேழை கதவு திறந்து, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடக்கும். வருடம் முழுக்கப் பூட்டிக் காக்கிற இடத்தை இப்படித் திறந்துபோட்டு, காலி என்று ஊருக்கே காட்டுகிற துணிச்சல் என்னை உலுக்கிவிட்டது. ஏன் கைவிட்டீர் என்று சிலுவையில் தொங்கியவர் கேட்ட கேள்விக்கு மாற்கு நற்செய்தியிலும் பதில் எழுதப்படவில்லை. அன்றும் எனக்கு ஜெபம் வரவில்லைதான். வராதது குற்றமாகப் படவில்லை. பேழைக்கு எதிரே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அங்கே இடம் இருந்தது. இப்போது தியானம் கொடுக்க வருகிறவர்கள் சாம்பல் புதனன்றே உயிர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என்ன அவசரமோ!

பாஸ்கா ஞாயிறு விடிந்ததும் ஆச்சி என்னைச் சீலா மீன் வாங்க விரட்டினாள். ஆடி பிறந்த பிறகு ஒரு வேலை கிடைத்தது. அதற்கும் அந்தத் தவக்காலத்துக்கும் நான் முடிச்சுப் போடுவதில்லை. ஆச்சி போட்டாள், போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியும் வந்தாள். நாற்பது நாள் மீனை விட்டது அவளாயிற்றே.