பந்திவிசாரிப்புக்காரன் அறியாதது





தவக்காலம் நிறைவுற்று உயிர்ப்பின் திருநாளும் கடந்தபின், ஆலயங்களில் திருமண ஓலைகள் வாசிக்கப்படும் காலம் தொடங்குகிறது. பிள்ளைகளின் திருமணத்தைக் குறித்துப் பேசவரும் பெற்றோர் மண்டபம், மேடை அலங்காரம், புகைப்படம், பட்டுச்சேலை எனப் பலவற்றையும் திட்டமிட்டு வருகிறார்கள். அவர்களிடம் நான் முதலாவது கேட்பது ஒன்றுதான்: “அன்று பௌர்ணமியா என்று பார்த்தீர்களா?”

இது நாள் நட்சத்திரம் பார்ப்பதல்ல. விருந்தினர் வந்துசேரும் வழியைப் பார்ப்பதாகும். பௌர்ணமிதோறும் நம் ஊரின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை மக்களால் நிறைந்துவிடுகிறது. ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையும் அப்பாதையின் ஒரு பகுதியே. வாகனங்கள் திருப்பிவிடப்படுகின்றன, பேருந்துகள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நின்றுவிடுகின்றன. கார்த்திகை தீபத்தின்போதோ இலட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். தங்கும் விடுதிகளில் இடம் கிடைப்பது அரிது. சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம் செய்து வரும் முதிய உறவினர், கைப்பையும் மருந்துமாக நெடுந்தூரம் நடந்தா ஆலயத்தை வந்தடைய வேண்டும்? நாட்காட்டியை ஒருமுறை புரட்டினால் தவிர்க்கக்கூடிய துன்பம் அது.

பிரியமானவர்களே, யோவான் 2-ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். நம் ஆண்டவர் செய்த முதல் அற்புதம் ஒரு கலியாண வீட்டில் நிகழ்ந்தது. அங்கே நோயாளி இல்லை, மரித்தவரும் இல்லை. பந்தியில் ஒரு குறைவு மாத்திரமே இருந்தது. அக்காலத்தில் கலியாண விருந்து ஏழு நாள் நீடிப்பதுண்டு. நடுவிலே திராட்சரசம் தீர்ந்துபோவது அவ்வீட்டாருக்குத் தலைக்குனிவு. அந்தத் தலைக்குனிவை ஆண்டவர் அற்பமாக எண்ணவில்லை. ஆறு கற்சாடிகளும் இன்றைய அளவில் ஏறத்தாழ 500 முதல் 700 லிட்டர் வரை கொள்ளும். அவர் கொடுத்தது குறைவை மறைக்கும் அளவல்ல, நிறைவின் அளவு.

அந்தப் பகுதியில் என்னை எப்போதும் நிறுத்திவைப்பது வேறொரு செய்தி. ரசம் எங்கிருந்து வந்ததென்று பந்திவிசாரிப்புக்காரன் அறியவில்லை. விருந்தினரும் அறிந்ததாகக் கூறப்படவில்லை. தண்ணீரை மொண்ட வேலைக்காரர் அறிந்திருந்தார்கள். நல்ல உபசரிப்பின் இயல்பு இதுவே. உண்பவர் அதைக் கவனிப்பதில்லை. சுமந்தவர் அறிவார், கர்த்தர் அறிவார்.

நம் திருமணங்களிலோ, காணப்படுவதற்கே பெரும்பணம் செலவாகிறது. மேடைப் பூக்களுக்காகத் தகப்பன் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். அதே மண்டபத்தில் முதியவர்களுக்குப் போதுமான நாற்காலிகள் இல்லை. கழிப்பறைக்குச் செல்லப் படிகள் இறங்கவேண்டும். ஒரு திருமணத்தில், படப்பிடிப்பு நீண்டு பந்தி தாமதமானதால், நீரிழிவு நோயுள்ள பெரியவர் ஒருவர் தலைசுற்றி அமர்ந்துவிட்டதைக் கண்டேன். அருகிலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி ஓடிச்சென்று சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தாள். அந்நாளின் படங்களில் அவள் இருக்கமாட்டாள். ஆயினும் கானாவூர் வேலைக்காரரின் வரிசையில் அவளுக்கு இடமுண்டு என்று எண்ணிக்கொண்டேன்.

ஆகையால் திருமணத்தை ஆயத்தப்படுத்தும் குடும்பங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். மே மாதத்தில் திருமணம் வைப்பீர்களானால் ஆராதனையைக் காலையிலேயே தொடங்குங்கள். அண்ணாமலைப் பாறைகள் நண்பகலில் வீசும் அனலை நாம் அறிவோம். ஆலய வாசலில் குடிநீர் வையுங்கள். முதியோரும் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மாரும் முதல் பந்தியில் அமரட்டும். மேடையில் வாழ்த்துவதற்கு ஒரு மணிநேரம் வரிசையில் நிறுத்தாமல், மணமக்களே இறங்கிச் சென்று பெரியோரைக் காணட்டும். கிராமங்களிலிருந்து வருவோருக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்று கேட்டறிந்து, அதற்கேற்ப மாலை வரவேற்பை முடியுங்கள். இவற்றில் எதற்கும் கடன் வாங்கவேண்டியதில்லை.

இன்னும் ஒன்று. திரும்ப விருந்தளிக்க இயலாத ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைக்கும்படி லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்தார். ரமணாசிரமத்தில் சாதுக்களுக்கு நாள்தோறும் அன்னமிடுவதை நாம் சாலையில் செல்லும்போதே காண்கிறோம். அயலார் தினமும் செய்வதை, வாழ்நாளில் ஒருமுறை வரும் திருமண நாளிலாவது நாம் செய்யலாகாதா? மீந்த உணவைக் கொடுப்பது வேறு. அழைத்து அமரவைத்து இலைபோட்டுப் பரிமாறுவது வேறு. பாத்திரம் கழுவும் பெண்களும் பந்தல்காரரும் சூடான உணவை அமர்ந்து உண்ணும்படி ஒரு பந்தியை ஒதுக்குங்கள்.

விருந்தினர் வீடு திரும்பும்போது அலங்காரத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். தங்களை ஒருவர் எதிர்பார்த்திருந்தார் என்பதை மறக்கமாட்டார்கள். நம்மை எதிர்பார்த்து இடம் ஆயத்தம்பண்ணச் சென்ற ஆண்டவரின் பிள்ளைகள் நாம். நம் வீட்டுக் கலியாணத்தில் அவருடைய சாயல் சிறிதேனும் தெரியவேண்டாமா?

ஜெபம்: கானாவூர் கலியாணத்துக்கு வந்த ஆண்டவரே, எங்கள் வீட்டு வைபவங்களுக்கும் எழுந்தருளும். குறைவுள்ளோரை முதலில் காணும் கண்களையும், காணப்படாமல் சுமக்கும் கரங்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.