இரண்டு ஏடுகளில் ஒரு குடும்பம்

பிப்ரவரி 8, 2026, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்குத்தந்தை இரும்புப் பீரோவைத் திறந்துவிட்டார். திருமுழுக்கு, திருமணம், அடக்கம் என்று தனித்தனி ஏடுகள். பழையவை இலத்தீனில். பிறந்த நாள், ஞானஸ்நான நாள், தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானப் பெற்றோர், கடைசியில் சாமியார் கையெழுத்து. 1563இல் முடிந்த திரெந்து பொதுச்சங்கத்தின் ஒழுங்கு தர்மபுரிச் சீமை வரை வந்திருக்கிறது.

தாயின் பெயர் எழுதப்பட்டிருப்பதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுப் பட்டாவிலோ வரி ரசீதிலோ பூட்டியின் பெயர் கிடையாது. இந்த ஏடு இல்லாவிட்டால் அவர் யாரோ ஒருவரின் மனைவி, அவ்வளவுதான்.

பாட்டனார் ஞானஸ்நானம் பெற்றது 1919 ஆகஸ்ட்டில். அவருடைய பள்ளிச் சேர்க்கையிலோ பிறந்தநாள் 1922 ஜூன் 1. தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்க்காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் எழுதிக்கொண்ட காலம் அது. தாமதமாக வந்த பிள்ளைக்கும் பள்ளி திறக்கும் நாளுக்குத் தோதாக ஒரு பிறந்தநாள் கிடைத்துவிடும். கோயில் ஏடு பிறந்த வாரத்தில் எழுதியது, பள்ளி ஏடு எட்டாம் வயதில் எழுதியது. ஆண்டு விஷயத்தில் கோயிலைத்தான் நம்புகிறேன்.

பிப்ரவரி 12

எந்த ஏடு எங்கே இருக்கும் என்பதற்கே ஒரு வரைபடம் வேண்டும். தர்மபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. சேலம் 1930இல் மைசூர், புதுச்சேரி, கும்பகோணம் மறைமாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உண்டானது. அரசாங்கத்தின் கோடுகள் வேறு. சேலம் ஜில்லாவிலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965இல், தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ஆகவே ஒரே குடும்பத்தின் காகிதம் ஒரு தலைமுறைக்குத் தர்மபுரியிலும் அடுத்ததற்குச் சேலத்திலும் அதற்கு மேல் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ புதுச்சேரியிலோ இருக்கலாம். ஊர் நகரவே இல்லை, எல்லைதான் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

பெயர் இன்னொரு சிக்கல். இலத்தீனில் பேத்ருஸ் என்றால் ஊரில் ராயப்பன். பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன். இது தெரியாமல் ஏட்டைப் புரட்டினால் சொந்தப் பாட்டனையே தாண்டிப் போய்விடுவோம்.

பிப்ரவரி 17

145 ஆண்டுகளுக்கு முன் இதே நாள் இரவில்தான் இந்தியா முழுவதும் ஒரே நேரத்தில் முதல் குடிக்கணக்கு எடுத்தார்கள். 1881 பிப்ரவரி 17. எங்கள் குடும்பத்தில் அன்று உயிரோடு இருந்த பூட்டனாரின் அப்பாவும் அதில் ஒரு எண்ணாக இருந்திருப்பார். ஆனால் அவர் பெயர் எழுதிய தாள் கிடையாது. கூட்டிப் பெருக்கி அட்டவணை போட்ட பிறகு வீட்டுவாரித் தாள்களை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1921 கணக்கெடுப்பின் தாள்களை நூறு ஆண்டு பூட்டி வைத்திருந்து 2022 ஜனவரியில் திறந்தார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு கழித்துத் திறக்கிறார்கள். அங்கே ஒருவர் தன் கொள்ளுப்பாட்டியின் வீட்டு வாசலுக்கே போய் நிற்கலாம். நமக்கு மிஞ்சியிருப்பவை மொத்தத் தொகைகள்.

அந்தத் தொகைகளும் பேசத்தான் செய்கின்றன. சேலம் ஜில்லாவில் 1871இல் சுமார் 19.67 லட்சம் பேர். 1881இல் சுமார் 16 லட்சம். நடுவில் 1876-78 தாது வருஷப் பஞ்சம். மூன்றரை லட்சத்துக்கும் மேலான குறைவு. பிறந்து பெருகியிருக்க வேண்டியவர்களை இதில் சேர்க்கவே இல்லை.

மாலையில் திரும்பவும் கோயிலுக்குப் போனேன். 1877, 1878ஆம் ஆண்டுப் பக்கங்களில் கையெழுத்து ஓடுகிறது. மையைக்கூட ஒற்றவில்லை. சாகக்கிடந்த குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம், சில நாளிலேயே அடக்க ஏட்டில் அதே பெயர். பாரிஸ் அந்நிய வேதபோதக சபைச் சாமியார்களும் உபதேசியார்களும் கஞ்சித் தொட்டிக்கும் கல்லறைக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த காலம். கணக்கெடுப்பு அறிக்கையில் ஒரு கழித்தலாக நிற்பது இங்கே பெயர்பெயராக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர்களுக்கு அந்தப் பஞ்சம் பாதிதான் தெரியும் என்று நினைக்கிறேன்.

பூட்டனாரின் அப்பா 1878இல் பெரியவராக ஞானஸ்நானம் பெற்றவர். வயது 25 என்கிறது ஏடு. 1901இல் அடக்கம், வயது 60. பன்னிரண்டு ஆண்டு இடிக்கிறது. ஒன்று ஐந்தில் முடியும் வயது, மற்றது பூஜ்யத்தில். அந்தக் காலக் கணக்கெடுப்புகளில் பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் வயதுக்காரர்கள் கூட்டமாக நிற்பார்கள். கேட்டவர் ஆளைப் பார்த்து உத்தேசமாகப் போட்ட வயது. பட்டினி கிடந்த உடம்பையோ உழைத்துத் தேய்ந்த முகத்தையோ பார்த்து வயது சொல்ல யாராலும் முடியாது. வம்சாவளித் தாளில் 1841 என்றும் 1853 என்றும் இரண்டையும் எழுதியிருக்கிறேன். நடு ஆண்டைப் போட மாட்டேன், அந்த ஆண்டை எந்த ஏடும் சொல்லவில்லை.

கோயிலில் அவருக்கு ஒரு அப்போஸ்தலரின் பெயர். பட்டாவில் குலதெய்வத்தின் பெயர். சர்வே எண்ணும் மகன் பெயரும் ஒத்துப்போனதால்தான் இருவரும் ஒருவரே என்று பிடிக்க முடிந்தது.

பிப்ரவரி 22, ஞாயிறு

சித்தி வீட்டில் சாப்பாடு. தாளை விரித்துக் காட்டினேன். அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் ‘இந்து’ என்றும் கோயில் ஏட்டில் ஞானஸ்நானம் என்றும் இருப்பதைப் படித்ததுமே சித்தி முகம் மாறிவிட்டது.

“அதெல்லாம் எழுதி வைக்காத கண்ணு. புள்ளைங்க வேலையில இருக்குதுங்க.”

அதற்கு மேல் அவர் சொல்லத் தேவையில்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இன்றும் வெளியேதான். சேரியில் மாறாத நிலைமை தாளில் மட்டும் மாறிவிடுமானால், அந்தத் தாளில் எதை எழுதுவது என்று ஒரு குடும்பம் யோசித்திருக்கும். எங்கள் வீட்டிலும் யோசித்திருக்கிறார்கள். வாத்தியாரிடம் சொன்ன பதிலைப் பொய் என்று என்னால் சொல்ல முடியாது. பசித்த பிள்ளைகளுக்கு ஒரு வழி திறந்திருக்கட்டும் என்று சொன்ன பதில் அது.

பிப்ரவரி 24

இரண்டு நாளாக இதே நினைப்பு. குடிக்கணக்குத் தாளை யாரும் பார்க்க முடியாது, உரிமையியல் வழக்கில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்கிறது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. போன வாரம் அது எனக்கு ஒரு பூட்டாகத் தெரிந்தது. சித்தியின் முகத்தைப் பார்த்த பிறகு அந்தப் பூட்டு வேண்டும் என்கிறேன். ஆனால் பூட்டுவது வேறு, அழிப்பது வேறு. 2027 மார்ச் 1ஐக் குறிநாளாக வைத்து நடக்கப்போகும் கணக்கெடுப்பில் 1931க்குப் பிறகு முதன்முறையாக எல்லாச் சாதியையும் கேட்கப்போகிறார்கள். பதிவும் கைபேசியில். அந்தப் பெயர்களை நூறு ஆண்டு யாருக்கும் காட்டாமல் மூடி வைக்கட்டும், நூற்றாண்டு முடிந்ததும் பேரப்பிள்ளைகளுக்குத் திறக்கட்டும்.

கோயில் ஏடுகளுக்கும் இதே முறைதான் வேண்டும். காகிதம் மடிப்பில் உதிர்கிறது. படம் எடுத்து வைக்க ஆயர் இல்லத்துக்கு அனுமதி கேட்டு எழுதிவிட்டேன், பழைய ஏடுகளுக்கு மட்டும், 1920க்கு முந்தியவை. வம்சாவளித் தாளில் பாட்டனாரோடு நிறுத்திக்கொண்டேன். அப்பா தலைமுறைப் பக்கம் சித்தியிடம் இருக்கிறது, அவர் சொல்லும்போது சேர்க்கலாம்.

அடுத்து பூட்டியின் தாய்வீடு. அவர் திருமண வரியில் ஊர்ப் பெயர் மங்கிவிட்டது. பெண்ணின் ஞானஸ்நான வரிக்குப் பக்கத்திலேயே திருமணத்தைக் குறிக்கச் சொன்னது 1908இல் நடைமுறைக்கு வந்த ரோமாபுரியின் ஆணை, அதற்கு முந்திய கல்யாணம் அவருடையது. அதனால் ஞானத்தாயின் ஊரைப் பிடித்துக்கொண்டு கடகத்தூர், கோவிலூர்ப் பங்குகளில் கேட்க வேண்டும்.