எடை மிஷினுக்கு முதுகு காட்டி நின்றவன்



பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். ஆனால் படியுங்கள். வீட்டில் பதினைந்திலிருந்து முப்பது வயதுக்குள் ஆண்பிள்ளை இருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனைப் பற்றி எழுதப் போகிறேன். அவனிடமும் அவன் அம்மாவிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், தெரு எதுவும் சொல்ல மாட்டேன். "நீங்க எழுதுங்க சார், என் பேரு மட்டும் வேணாம்" என்றான்.

இப்போது அவனுக்கு 23 வயது. அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். பையன் டிகிரி முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். நம் பக்கத்தில் இது புதிதல்ல. விடியற்காலை நான்கரை மணிக்கு அரூர் ரோட்டில் நடக்கப் போனால் பத்துப் பையன்களாவது ஓடிக்கொண்டிருப்பார்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். மார்பு 81 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். இதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

முந்தின வருடம் கார்த்திகையில் மலைக்கு மாலை போட்டான். அப்போது 84 கிலோ. ஒருவேளைச் சாப்பாடு, வெறும் தரையில் படுக்கை, எல்லாம் முறைப்படி. தை பிறந்ததும் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினான். ஒருவேளைச் சாப்பாட்டை மட்டும் கழற்றவில்லை. "உடம்பு லேசா இருக்குமா, ஓட நல்லா இருக்கு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். மாசி, பங்குனியில் ஊரே அவனைப் பாராட்டியது. நானும்தான். கடைவீதியில் பார்த்துவிட்டு, "அடேயப்பா, ஆளே மாறிட்டியே கண்ணு, இப்படியே மெயின்டெயின் பண்ணு" என்று முதுகில் தட்டினேன். தட்டியபோது தோள்பட்டை எலும்பு கையில் இடித்தது. அதைக் கவனித்தேன், ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் அவன் அம்மா என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அழுதார்.

"சார், நீங்க சொன்னா கேப்பான். சோறு வச்சா பிசைஞ்சுக்கிட்டே இருக்கான். நான் அந்தப் பக்கம் திரும்புனா எருமைத் தொட்டியில கொட்டிடறான். ராத்திரி பூரா போன்ல பிரியாணி செய்யறதப் பாக்கறான். ஞாயித்துக்கிழமை அவனே ஆக்கி எங்களுக்குப் போடறான், ஒரு வாய் திங்க மாட்டேங்கறான்."

நான் சொன்ன பதிலை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "வயசுப் பையன்மா, வேலை கிடைச்சா சரியாயிடும்" என்றேன்.

ஆடிப் பதினெட்டு கழிந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தவன் ரோட்டோரம் மயங்கி விழுந்தான். உடன் ஓடியவர்கள் சோடா வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். எந்த கிளினிக் என்பது முக்கியமில்லை. அங்கே எடை பார்த்தார்கள்: 58 கிலோ. உயரம் 172. "உயரத்துக்கு ஏத்த வெயிட்தான், ஃபிட்டா இருக்கான், வெயில்ல ஓடாதே" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கணக்கு வாத்தியார்கள் போட்டுப் பாருங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 19.6 வரும். பிஎம்ஐ அட்டவணையில் அது சாதாரணம். ஆனால் எட்டு மாதத்தில் 84லிருந்து 58 என்றால் 26 கிலோ. உடம்பில் பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. அட்டவணை இன்றைய எண்ணை மட்டும் பார்க்கிறது, வந்த வழியைப் பார்ப்பதில்லை. முதல் பரிட்சையில் 95 வாங்கியவன் அடுத்ததில் 60 வாங்கினால் நாம் "பாஸ்தானே" என்று விட்டுவிடுவோமா? பெற்றோரை அழைத்துவரச் சொல்ல மாட்டோமா?

என் பழைய மாணவி ஒருத்தி வெளியூரில் மனநலப் பிரிவில் நர்ஸாக இருக்கிறாள். அவளுக்குப் போன் போட்டேன். அவள் கேட்ட முதல் கேள்வி: "சார், அவன் விரல் முட்டியைப் பாத்தீங்களா?" பார்த்திருக்கிறேன். வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில் காய்ப்பு. தரையில் முஷ்டி வைத்துத் தண்டால் எடுக்கிறான் என்று நினைத்திருந்தேன். "வாய்க்குள்ள விரல் விட்டு வாந்தி எடுக்கறவங்களுக்குப் பல்லு பட்டு அப்படி ஆகும் சார். நாளைக்கே சேலம் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மறுநாள் காலை ரயிலில் நாங்கள் மூன்று பேரும் போனோம். சேலத்தில் அந்த மனநல மருத்துவர் எடையைக் கடைசியில்தான் பார்த்தார். முதலில் படுக்கவைத்து நாடி பார்த்தார்: நிமிடத்துக்கு 42. "ஓடுற பையன், நாடி மெதுவாத்தானே இருக்கும் டாக்டர்?" என்று நான் மேதாவித்தனமாகக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: பயிற்சியால் குறைவது வேறு, பட்டினியால் குறைவது வேறு, பட்டினியில் இதயத் தசையும் சேர்ந்து கரைகிறது. பிறகு எழுந்து நிற்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், சட்டென்று இறங்கியது. கை குளிர்ந்திருந்தது. ஈசிஜி எடுத்தார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.9. குறைந்தபட்சம் 3.5 இருக்க வேண்டுமாம். வாந்தியில் பொட்டாசியம் போய்விட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகி, தூக்கத்திலேயே ஆள் போய்விடலாம் என்றார். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து ஒரு சோதனை. கையை எங்கும் ஊன்றாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழச் சொன்னார். நம் தோப்புக்கரணம்தான், காதைப் பிடிக்காமல். 1500 மீட்டர் ஓடுகிறவன் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான். இப்படி உட்கார்ந்து எழ முடிகிறதா, படுத்த நிலையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்ப்பது தசை எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு அளவுகோலாம். பிரிட்டன் மருத்துவர்களின் வழிகாட்டுதலிலும் இது இருக்கிறது. பத்து பைசா செலவில்லாத சோதனை.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

வாத்தியார் புத்தி, சும்மா இருக்க முடியவில்லை. வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் படித்தேன், மாணவியிடம் கேட்டுச் சரிபார்த்தேன். இந்த நோய் வசதியான வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் 1689லேயே லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் மார்ட்டன் தன் புத்தகத்தில் இப்படி இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு பெண், இன்னொருவன் 16 வயதுப் பையன். அவனைப் படிப்பை நிறுத்திவிட்டுக் கிராமத்துக் காற்றுக்கும் பாலுக்கும் அனுப்பியிருக்கிறார், பெருமளவு தேறியிருக்கிறான். அந்தப் பையனை வைத்தியம் மறந்துவிட்டது போலிருக்கிறது. 1994ல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் அனோரெக்சியா என்று சொல்ல ஒரு நிபந்தனை, மாதவிலக்கு நின்றிருக்க வேண்டும் என்பது. ஆண்பிள்ளை அந்தக் கேள்விக்கு எங்கே போவான்? 2013ல்தான் அதை எடுத்தார்கள்.

அதே 2013 பதிப்பு நோயின் தீவிரத்தைப் படி பிரித்தும் வைத்திருக்கிறது. அனோரெக்சியாவுக்கு பிஎம்ஐ 17க்கு மேல் என்றால் லேசு, 16க்கு மேல் நடுத்தரம், 15க்கு மேல் கடுமை, 15க்குக் கீழ் மிகக் கடுமை. புலிமியா என்ற வகையில், அதாவது அள்ளித் தின்றுவிட்டு வாந்தி, பேதி, பட்டினி, ஓட்டம் என்று ஈடுகட்டும் வகையில், வாரத்துக்கு எத்தனை தடவை என்பது கணக்கு. 1 முதல் 3 லேசு, 14ம் அதற்கு மேலும் மிகக் கடுமை. நம் பையன் முதல் கணக்கில் நோயாளியே இல்லை. 42 துடிப்போடு வார்டில் படுத்திருந்தான். டாக்டரும் இதைத்தான் சொன்னார்: "படிநிலை தொடக்கத்துக்குத்தான் சார். எவ்வளவு வேகமா இறங்கினான், நாடி என்ன, பொட்டாசியம் என்ன, மனசுல என்ன ஓடுது, இதெல்லாம் சேர்த்துத்தான் தீவிரம்."

கேள்வித்தாள்களும் இருக்கின்றன. 1999ல் பிரிட்டனில் வந்த ஸ்காஃப் என்பதில் ஐந்தே கேள்விகள். வயிறு முட்டிவிட்டது என்று வாந்தி எடுக்கிறாயா, சாப்பாட்டின் மேல் கட்டுப்பாடு போய்விட்டதாகத் தோன்றுகிறதா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா, மற்றவர்கள் ஒல்லி என்றாலும் உனக்குக் குண்டாகத் தெரிகிறதா, சாப்பாட்டு நினைப்பே வாழ்க்கையாகிவிட்டதா. இரண்டுக்கு ஆமாம் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். இன்னொன்று 26 கேள்விகள் கொண்ட ஈட் என்பது. 20 மதிப்பெண்ணைத் தொட்டால் கவலை. சிக்கல் என்னவென்றால், இவற்றில் பெரும்பாலானவை பெண்களை வைத்து உருவானவை. ஒல்லியாக ஆசையா என்று கேட்கும். ஆண்பிள்ளை ஒல்லியாக ஆசைப்படுவதில்லை. மார்பு விரிய வேண்டும், வயிற்றில் கட்டு தெரிய வேண்டும், கொழுப்பு துளியும் கூடாது என்று ஆசைப்படுகிறான். பவுடர் டப்பா, முட்டை வெள்ளைக்கரு, காய்ச்சலிலும் ஜிம், ஒருநாள் விட்டால் நடுக்கம். இதைக் கேட்காத தாளில் அவன் குறைந்த மதிப்பெண் வாங்கித் தப்பித்துவிடுவான். தவறு மாணவனுடையதல்ல, சிலபஸ் வேறு, கேள்வித்தாள் வேறு. இப்போது ஆண்களுக்கென்று தனிக் கேள்வித்தாள்களும் வந்திருக்கின்றன.

நம் நாட்டில் இன்னொரு குழப்பம் விரதம். 1989ல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியப் பள்ளி மாணவிகளிடம் ஈட் கேள்விகளைக் கொடுத்தபோது, விரதப் பழக்கமும் கேள்வியைப் புரிந்துகொண்ட விதமும் மதிப்பெண்ணை ஏற்றிவிட்டன. அங்கே விரதம் நோய் போலத் தெரிந்தது. நம் பையன் விஷயத்தில் நோய் விரதம் போலத் தெரிந்தது. நானும் கிருத்திகைக்கு விரதம் இருப்பவன்தான், அதனால் சொல்கிறேன்: விரதத்துக்கு முடியும் நாள் உண்டு. முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து வடை பாயசத்தோடு சாப்பிடுவோம். இவன் விரதத்துக்கு முடிவே இல்லை, முடிக்கச் சொன்னால் கோபம் வந்தது.

அந்தப் பிரியாணி வீடியோவுக்கும் விளக்கம் கிடைத்தது. 1944, 45ல் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப் பட்டினி போட்டுப் பார்த்தார். போர் முடிந்ததும் பசியில் கிடக்கும் மக்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்று தெரிந்துகொள்ள. கிட்டத்தட்ட கால்பங்கு எடை போனது. சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள், சாப்பாட்டையே கனவு கண்டார்கள், குளிரில் நடுங்கினார்கள், சிடுசிடுத்தார்கள். யாருக்கும் முன்பு மனநோய் கிடையாது. பட்டினியே மூளையை அப்படி ஆக்குகிறது. "திமிரு சார் இவனுக்கு" என்று அவன் அப்பா திருப்பூரிலிருந்து போனில் கத்தியபோது இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் லீவு போட்டு வரேன் சார்" என்றார்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு: 2009ல் நம் சென்னை சூப்பர் கிங்ஸுக்கு ஆடிய ஆண்ட்ரூ ஃபிளின்டாஃப் ஞாபகம் இருக்கிறதா? அந்த ஆஜானுபாகுவான மனிதருக்குப் புலிமியா. 2020ல் பிபிசி ஆவணப்படத்தில் அவரே சொன்னார். குண்டு கிரிக்கெட்டர் என்று பத்திரிகைகள் கேலி செய்ததிலிருந்து ஆரம்பம். இதைப் பையனிடம் சொன்னபோது முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு ஒன்று சொன்னான். இனி எழுதுவது எனக்குக் கஷ்டம்.

"சார், அஞ்சாவதுல உங்களுக்கு ஞாபகம் இருக்கா, வெயிட் பாத்தீங்களே?"

ஞாபகம் இல்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் வந்தது. உடல்நலப் பதிவேட்டுக்காக எல்லாருக்கும் எடை பார்த்த நாள். ஒருவர் மிஷினைப் பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். நான்தான் சத்தமாகச் சொன்னேன். இவன் முறை வந்தபோது, "52 கிலோ! டேய், ரேஷன் கடை மூட்டைடா இது" என்றேனாம். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்குப் பெயர் மூட்டை. ஐந்தாவதோடு நிற்கவில்லை, கல்லூரி வரை கூடவே போயிருக்கிறது.

நோய்க்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் எனக்குச் சமாதானம் சொன்னார். பரம்பரை, சுபாவம், வேலைக் கவலை எல்லாம் சேரும் என்றார். இருக்கலாம். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சார்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பரவாயில்லை என்பது போல அவன் முகம் இல்லை.

சாப்பாடு ஆரம்பித்ததும் ஒரு பாடம்தான். அவன் அம்மா கோழிக் குழம்பு, முட்டை என்று கூடையோடு வந்தார். டாக்டர் தடுத்துவிட்டார். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து உயிருக்கே ஆபத்தாம். இரண்டாம் உலகப் போரில் மீட்கப்பட்ட கைதிகள் பலர் இப்படித்தான் சாப்பிட்ட பிறகு இறந்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்கள். அதனால் யாரும் வீட்டிலேயே வைத்தியம் பார்த்து ஊட்டிவிடாதீர்கள்.

இப்போது பல மாதங்கள் ஆகிவிட்டன. முழுக்கக் குணமாகவில்லை. நடுவில் ஒருமுறை திரும்பவும் வாந்தி எடுத்தான், அவனே போன் செய்து சொன்னான். ஓட்டத்துக்கு டாக்டர் இன்னும் அனுமதி தரவில்லை. இந்த வருடத் தேர்வு போச்சு. அந்தத் தேர்வில் எடைக்கு மதிப்பெண்ணே கிடையாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மாதம் இரண்டு முறை சேலம் போகிறோம், பெரும்பாலும் நான்தான் கூடப் போவேன். எடை பார்க்கும்போது அவனை மிஷினுக்கு முதுகு காட்டி நிற்கவைக்கிறார்கள், எண் அவன் கண்ணில் படக்கூடாது என்று. நர்ஸ் பார்த்து எழுதிக்கொள்வார். நான் எதிரே நிற்பேன், எனக்கு எண் தெரியும். "எவ்ளோ சார்?" என்று கண்ணாலேயே கேட்பான். நான் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொள்வேன். திரும்பும் ரயிலில் சுண்டல் வாங்கினால் பாதி சாப்பிடுவான், சில நாள் முழுதும்.

உதவி வேண்டுவோர் 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மயக்கம், படபடப்பு என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு.

என் வகுப்பில் நான் பட்டப்பெயர் வைத்த வேறு யாராவது இதைப் படித்தால், எனக்குத் தனியாக எழுதுங்கள். அந்தப் பையன் யார் என்று கேட்டு மட்டும் யாரும் போன் செய்ய வேண்டாம், சொல்ல மாட்டேன்.

உங்கள் வாத்தியார்,
மொரப்பூர்.