கொன்றையடியில் ஒரு நாள்

இளவேனிலில் ஜப்பானியர் செர்ரி மரங்களின் அடியில் பாய் விரித்து, சுற்றத்தோடு உண்டு மகிழ்வதை 'ஹனாமி' என்பர். பூப்பார்த்தல் என்பதே அச்சொல்லின் பொருள். இதைப் படித்தபோது எங்களுக்கு வியப்பு எழவில்லை. பாறசாலையை அடுத்த எங்கள் சிற்றூரில் சித்திரைப் பிறப்பன்று நாங்களும் அதையே செய்து வந்தோம். எங்கள் மரம் கொன்றை.

1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வளர்ந்த எங்களுக்கு அதனால் ஓர் ஊதியமும் உண்டு. 2022, 2023 போன்ற ஆண்டுகளில் புத்தாண்டு ஏப்ரல் 14-இலும் விஷு 15-இலும் வரும்; விருந்து இரண்டு நாள்! உருளியில் வெள்ளரிக்காயும் கண்ணாடியும் கொன்றைப் பூவும் வைத்துக் கணி கண்டபின், கோரைப்பாயும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் சக்கைச்சுளையுமாக மரத்தடிக்குப் போவோம். காற்றடித்தால் சோற்றிலும் பூ விழும். அதை எடுத்தெறிய அம்மா விடமாட்டார்.

தில்லிக்கு வந்தபின், சொந்த ஊருக்குப் பயணச் சலுகை இரண்டாண்டுக்கு ஒரு முறைதான். 2024-இல் அம்மா, "மக்களே, இந்தத் தடவை பூ பாக்கணும்" என்றார். ஆண்டிறுதிக் கணக்கு வேலை. மார்ச்சில் விடுப்பு இல்லை. கேரளா எக்ஸ்பிரசில் நாங்கள் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 11. மரமோ முந்தியே பூத்து உதிர்த்திருந்தது. கணிக்குப் பூவைச் சந்தையில் வாங்கினோம்.

காலம் தவறிப் பூத்த கொன்றையைக் குறுந்தொகையில் ஒரு தோழி பேதை மரம் என்று பழிக்கிறாள். அவளுக்கு அது தலைவியைத் தேற்றும் உபாயம். நாங்கள் யாரைத் தேற்றுவது? கியோட்டோவிலும் 2021-இல் செர்ரி மார்ச் 26-இலேயே முழுதும் மலர்ந்ததாம்; ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளில் அதற்குமுன் அத்தனை விரைவில் மலர்ந்ததில்லை. வெப்பமே காரணம் என்கின்றனர் அறிஞர். எழுபத்தெட்டு வயது அம்மாவிடம் இதைச் சொல்லி என்ன பயன்?

அவரோ, "பூ போனா போட்டு, நிழலு உண்டே, பாயை விரி" என்றார். உண்டோம்.

தில்லிக்குத் திரும்பிய பின், மே மாத நடுவில், எங்கள் குடியிருப்புச் சாலையெங்கும் கொன்றை மஞ்சளாய்த் தொங்கியது. ஞாயிறன்று பாயோடு இறங்கினோம். அம்மா நெடுநேரம் அண்ணாந்து பார்த்திருந்தார். பிறகு கீழே கிடந்த பூக்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "நம்ம மரம் இதைவிட உயரம்" என்றார்.