அலரும் அவதூறும்

ஆங்கிலத்தின் ‘ஸ்கேண்டல்’, ‘ஸ்லாண்டர்’ இரண்டும் ஒரே வேரின. கண்ணி, இடறுதடை என்னும் பொருளுடைய ‘ஸ்கண்டலோன்’ என்ற கிரேக்கச் சொல்லே அவ்வேர். இன்று முன்னது மெய், பொய் இரண்டையும் தாங்கும்; பின்னது பொய்ப்பழியை மட்டுமே சுட்டும். துருக்கி மொழி முன்னதற்குப் பிரெஞ்சு வழிவந்த ‘ஸ்கண்டல்’ என்பதையும், பின்னதற்கு அரபு வழிவந்த ‘இஃப்திரா’ என்பதையும் கொண்டது. வம்புப்பேச்சு அங்கே ‘தெதிகொது’. அதன் முதலுறுப்பான ‘தெதி’க்குச் ‘சொன்னார்’ என்பது பொருள். சொன்னவர் யார் என்பது அச்சொல்லில் இல்லை.

சங்க அகமரபோ மெய் பொய்யை நோக்கவில்லை, பரவலை நோக்கிற்று. வெளிப்படாது முகிழ்க்கும் பழி அம்பல். ஊரறிய விரிந்தது அலர்.

1994 நவம்பர் 30 அன்று, நாகர்கோவிலிற் பிறந்த விண்வெளி அறிவியலாளர் நம்பி நாராயணன் திருவனந்தபுரத்தில் கைதானார். அவ்வழக்கை மலையாளம் ‘சாரக்கேஸ்’ என்றது. சாரன் என்றால் ஒற்றன். குற்றச்சாட்டு பொய்யென 1996இல் சிபிஐ அறிக்கை அளித்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

ஆயினும் வழக்கின் பெயர் இன்றும் சாரக்கேஸ்தான். குற்றம் பொய்த்த பின்னும் பெயர்ச்சொல் அதனைச் சுமந்து நிற்கிறது. மனிதரை விடுவிக்கத் தீர்ப்பு போதும். சொல்லை விடுவிப்பது பேசுவோர் கடன்.