தையல் விட்ட கதை

தையல் ஏன் விடுது என்று பத்துப் பேருக்கு விளக்கப் போகிறவனுக்கு, போன இடத்தில் அவனுடைய பேண்ட்டிலேயே தையல் விட்டால் எப்படி இருக்கும்? எனக்கு இருந்தது. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க, கதையைத் தொடருவோம்.

நான் கோவையில் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிக்கிறேன். 2023 லீவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆறு வாரம் பயிற்சி. லெக்கிங்ஸில் தையல் ஏன் விடுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் எனக்குக் கொடுத்த வேலை. பின்னலாடைத் துணியை இழுத்தால் நீளும், நூல் அந்த அளவுக்கு நீளாது. ஒரு அங்குலத்தில் விழும் தையல் குறைவாக இருந்தாலோ, மெஷினில் நூல் டென்ஷன் இறுக்கமாக இருந்தாலோ, துணி நீளும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும். அப்போ நெருக்கமாத் தைக்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. ரொம்ப நெருக்கினால் ஊசி குத்திய ஓட்டைகள் கூடி, துணியே கிழியும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு அளவைப் பிடிக்கத்தான் அந்த ஆறு வாரம்.

இதில் எனக்கு ரொம்ப உதவியது லேப் மெஷின் இல்லை, செக்கிங் டேபிள் அக்காக்கள். ஒரு பீஸைக் கையில் எடுத்து, தையலை ரெண்டு பக்கமும் பிடித்து இழுப்பார்கள். "டிக்"னு ஒரு சின்னச் சத்தம் வந்தால் அந்த பீஸ் ஓரமாகப் போய்விடும். அத்தனை மெஷின் இரைச்சலிலும் அது அவங்க காதுக்குக் கேட்கும். இதை ஒரு ஸ்லைடாகப் போட்டிருந்தேன், அப்புறம் எடுத்துட்டேன். விஞ்ஞானமா இல்லைன்னு எனக்கு நானே ஒரு சமாதானம். நிஜக் காரணம் வேற. எங்க அம்மாவும் வேறொரு கம்பெனியில் செக்கிங் வேலைதான் பார்க்கிறாங்க. காலேஜில் யாராவது கேட்டால் "கார்மெண்ட்ஸ் ஃபீல்டு"ன்னு சொல்லி நழுவுகிற ஆள் நான்.

பயிற்சி முடியும்போது மெர்ச்சண்டைசர் அண்ணன், "தம்பி, பெங்களூர்ல பையர் ஆபீஸுக்குப் போறோம். நீங்க பண்ணுனத நீங்களே சொல்லீருங்க"ன்னுட்டார். பத்து நிமிஷம், இங்கிலீஷில்! அதுவரைக்கும் நான் மேடை ஏறினது ஆறாம் வகுப்பு மாறுவேடப் போட்டிக்கு மட்டும்தான்.

கிளம்பும்போது அம்மா ஒரு பழைய தைல டப்பாவைப் பையில் திணிச்சாங்க. உள்ளே ஊசி, கறுப்பு நூல், ரெண்டு சட்டைப் பட்டன், மூணு ஊக்கு. "நான் என்ன கல்யாணத்துக்கா போறேன்?"னு கேட்டேன். "இருக்கட்டும் சாமி, கனமா கனக்குது?"ன்னாங்க.

ராத்திரி ரயில் ஏறி, விடிகாலையில் கே.ஆர்.புரத்தில் இறங்கி, ஒரு லாட்ஜில் குளிச்சுக் கிளம்பினோம். முதல் கோளாறு அங்கேயே: பெல்ட்டை வீட்டிலேயே மறந்திருந்தேன். ரெண்டாவது, நின்னுக்கிட்டே சாப்பிடுகிற ஹோட்டலில் வந்தது. சாம்பாரில் மிதந்த வடையை ஸ்பூனால் அழுத்தினேன், அது துள்ளி வெள்ளைச் சட்டையின் பட்டன் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் நிலாவை வரைஞ்சிட்டுப் போயிருச்சு. தண்ணி போட்டுத் தேய்ச்சேன். நிலா பௌர்ணமி ஆச்சு.

மூணாவதுதான் பெரிய கோளாறு. ஆபீஸ் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்க ஒரு காலை வெளியே வைத்தேன். "டர்ர்ர்..." பன்னிரண்டாவது முடிச்சப்போ அக்கா கல்யாணத்துக்கு எடுத்த பேண்ட். நான் வளர்ந்த விஷயம் அதுக்குத் தெரியாது. பேண்ட்டின் பின்பக்கத்துக்குப் பெரும்பாலும் செயின் தையல்தான் போடுவார்கள், கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும் என்பதால். ஆனால் அது ஒரு இடத்தில் அறுந்தால் போச்சு, அரிசி மூட்டைத் தையலை உருவுகிற மாதிரி வந்துகொண்டே இருக்கும். வந்தது. மணி 10:10. மீட்டிங் 10:30.

லேப்டாப் பையைப் பின்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். ஊக்கை எடுத்தால் கை நடுங்குது. அண்ணன் பின்னாடியே வந்து விஷயத்தைக் கேட்டார். சிரிக்கவே இல்லை. "ஊக்கு வேண்டாங்க தம்பி. ஊக்குக் குத்துனா பேசி முடிக்கற வரைக்கும் உங்க நெனப்பு அது மேலயே இருக்கும். தெச்சுட்டா மறந்துருவீங்க. கழட்டிக் குடுங்க."

நான் கதவைச் சாத்திக்கொண்டு, பேண்ட்டைக் கதவுக்கு மேலே போட்டேன். வெளியே வாஷ்பேசின் பக்கத்தில் நின்று அவர் தைத்தார். உள்ளே நான் சட்டை, டை, சாக்ஸ், ஷூவோடு வெஸ்டர்ன் டாய்லெட் மூடி மேல் உட்கார்ந்து இங்கிலீஷ் மனப்பாடம் பண்ணினேன். மெர்ச்சண்டைசர் ஆகும் முன்னாடி அவர் எட்டு வருஷம் டெய்லராக இருந்தது எனக்கு அப்போதான் தெரியும். யாரோ ஒருத்தர் உள்ளே வந்து, அவரைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கை கழுவிக்கொண்டு போனார். ஏழு நிமிஷத்தில் பேண்ட் திரும்பி வந்தது.

பேசினேன். முதல் ரெண்டு நிமிஷம் குரல் நடுங்கிச்சு. அப்புறம் அண்ணன் சொன்னது நடந்தது: பேண்ட் மறந்தே போச்சு. கடைசியில் ஒரு மேடம், "சாம்பிளில் சரி, தினமும் வருகிற ஆயிரக்கணக்கான பீஸில் இதை எப்படிப் பிடிப்பீங்க?"ன்னு கேட்டாங்க. எந்த ஸ்லைடிலும் பதில் இல்லை. எடுத்துப் போட்ட ஸ்லைடில் இருந்தது. மேஜை மேலிருந்த லெக்கிங்ஸை எடுத்து, செக்கிங் அக்காக்கள் மாதிரியே ரெண்டு பக்கமும் இழுத்துக் காட்டினேன். "டிக்." அந்த அமைதியான ரூமில் எல்லாருக்கும் கேட்டது. "இதை எங்க அம்மா தினமும் பண்றாங்க"ன்னு இங்கிலீஷில் சொன்னேன். இலக்கணம் சரியா இருந்துச்சான்னு ஞாபகம் இல்லை.

ஆர்டர் ஒன்றும் கொட்டிவிடவில்லை. மாற்றின தையலில் கொஞ்சம் சாம்பிள் அனுப்பச் சொன்னாங்க, அவ்வளவுதான். வெளியே வந்து, "சட்டைக் கறை ரொம்பத் தெரிஞ்சுதாங்கண்ணா?"ன்னு கேட்டேன். "எந்தக் கறை?"ன்னார்.

இதைப் பற்றி ஒரு ஆய்வே இருக்கு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் கிலோவிச் குழு 2000-ல் வெளியிட்டது. பாரி மேனிலோ என்ற பாடகரின் படம் போட்ட டி-ஷர்ட்டை (மாணவர்கள் போடக் கூச்சப்படுவார்கள் என்று தேர்ந்தெடுத்தது) ஒரு மாணவருக்கு மாட்டிவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனிச்சிருப்பாங்கன்னு போட்டிருந்தவங்க நினைச்சாங்க. உண்மையில் கவனிச்சது கிட்டத்தட்ட நாலில் ஒருத்தர்தான். நம்ம கறையை நாம பார்க்கிற அளவுக்கு ஊர் பார்க்கிறதில்லை.

அதுக்காக அஜாக்கிரதையா இருக்கச் சொல்லலை. போட்டுக்கொண்டு போகப்போகும் பேண்ட்டில் முந்தின நாளே ஒரு தடவை குந்தி எழுந்துவிடுங்கள். பேசி முடிக்கும் வரை சாம்பார் வடைக்குப் பதிலாக இட்லி போதும். அம்மா எதையாவது பையில் திணித்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னேன். மேடத்துக்கு என்ன பதில் சொன்னேன் என்பதையும் சேர்த்து. அம்மா அதுக்கு ஒன்றும் சொல்லலை. பேண்ட்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, அண்ணன் போட்ட தையலை ரெண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாங்க. சத்தம் வரலை.

"பாஸ்"ன்னாங்க.