கசக்குவதற்கும் கட்டுவதற்கும் இடையில்

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்னும் முதுமொழியை அறியாத தமிழர் இலர். தமிழாசிரியர் என்ற முறையில் நாமும் அதனை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கி வருகின்றோம். ஆயினும், அம்முதுமொழியில் ஒரு சொல் இல்லாதிருப்பதைத் திம்புள்ளவுக்கு வந்த பின்னரே கண்டோம். கசக்குதல் உண்டு, கட்டுதல் உண்டு, இரண்டுக்கும் இடையே உலர்த்துதல் சொல்லப்படவில்லை. வெயில் காயும் நாட்டிலே பிறந்த மொழியாதலின், அதனைத் தனியே கூறும் தேவை எழவில்லை போலும்!

நாம் கல்வி பயின்ற யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதனூடே ஊறிவரும் கிணற்றுநீர் வன்னீர். சவர்க்காரம் எளிதில் நுரைப்பதில்லை. ஆனால், காலையிற் கொடியில் இட்ட வேட்டி நண்பகலுக்கு முன்பே காய்ந்து மொறமொறத்துவிடும். திம்புள்ளவிலோ நிலைமை நேர்மாறானது. கடல்மட்டத்திலிருந்து 3,500 அடிக்கு மேற்பட்ட இம்மலைகளில், பாறையில் வடிந்து பீலியில் விழும் தண்ணீர் மென்னீர். சிறிதளவு சவர்க்காரமே நன்கு நுரைக்கும். அரிதாயிருப்பது வெயில். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மோதி, மழையையும் பனிமூட்டத்தையும் கொணரும். அக்காலத்தில், தோய்த்த துணி மூன்று நாள் கொடியிற் கிடந்தும் காயாதிருத்தல் உண்டு.

இந்நிலையில், வெளிநாட்டில் வாழும் பழைய மாணவ நண்பர் ஒருவர் எமக்கு லினன் சட்டைகள் இரண்டைப் பரிசளித்தார். அவற்றைப் பேணக் கற்றதன் பயனாக, துணிகளைப் பற்றிப் பொதுவாகவே சில அறிந்தோம்; அன்பர்களுக்கும் உதவுமென எண்ணி அவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

லினன் என்பது ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரால் நெய்யப்படுவது. பண்டை எகிப்தியர் இறந்தோரின் உடலைச் சுற்றிய துணியும் இதுவே. இன்று ஆளி நார் பெரிதும் விளைவது பிரான்சு, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளிலே. அங்கு, பிடுங்கிய தண்டுகளை வயலிலேயே பரப்பிவிடுவர். இரவுப் பனியில் அவை நனைய, நுண்ணிய பூஞ்சணங்கள் தோன்றி, நாரைத் தண்டோடு ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கும். அதன் பின்னரே நார் பிரியும். ஆகவே, பனியும் பூஞ்சணமும் இல்லையேல் லினன் இல்லை. அதே பனியும் பூஞ்சணமும் எல்லை மீறின் லினனும் இல்லை. திம்புள்ளவின் ஈர அலுமாரியிற் கரும்புள்ளி படர்ந்த சட்டையைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். பருத்திக்கும் இவ்விடர் உண்டு.

லினன் வாங்குவோர் துணியை ஒருமுறை கையிற் கசக்கிப் பார்த்தல் வேண்டும். சுருக்கம் விழுந்து நிற்பின் நன்று. உடனே நிமிர்ந்துகொள்வது பெரும்பாலும் செயற்கை இழை கலந்ததாகும். ஓர் இழையைப் பிரித்துக் கொளுத்தினால், லினன் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும்; செயற்கை இழை உருகி மணியாகத் திரளும். முதற் சலவையிற் சுருங்குமாதலால், தைப்பதற்கு முன் துணியை நனைத்துலர்த்துதல் நலம். மலைநாட்டுக்குத் தூய வெள்ளையினும் வெளுக்கப்படாத இயற்கை நிறமே உகந்தது.

லினன் நார் நனைந்தபோது வலிமை கூடுவது. ஆதலின் தோய்ப்பதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. வெளிற்றும் தூள் மட்டும் நாரை நலிவிக்கும். கஞ்சி பூஞ்சணத்துக்கு உணவாதலால், மழைக்காலத்தில் அதனை விலக்குக. சிறிது ஈரம் இருக்கும்போதே சூடான பெட்டியால் அழுத்துதல் வேண்டும். அழுத்திய உடனே மடித்து வைத்தலாகாது. ஈரம் முற்றும் அகலும்வரை காற்றிலே தொங்கவிட்டு, அதன் பின்னரே அலுமாரியில் வைக்க. எப்போதும் ஒரே மடிப்பில் மடிப்பின் அவ்விடத்தில் நார் முறியும். சனவரி முதல் மார்ச்சு வரையுள்ள வறண்ட நாள்களே இங்கு லினனுக்கு ஏற்றவை.

இவையெல்லாம் இரண்டாவது சட்டை உடையவருக்கே உரிய அறிவுரைகள். லயத்துக் காம்பராவில் வாழும் எமது மாணவர் பலருக்கு இருப்பது ஒரே சோடி வெள்ளைச் சீருடை. 1993ஆம் ஆண்டு தொடங்கி அரசு சீருடைத் துணியை இலவசமாக வழங்கி வருவது போற்றத்தக்கது. எனினும், கொழுந்து பறித்து மாலையில் நனைந்து திரும்பும் தாய், இரவிலே அதனைத் தோய்த்து அடுப்பின்மேற் கட்டிய கயிற்றில் இடுகின்றாள். விடிகையில் அது புகையேறிப் பழுப்பாகவோ, ஈரமாகவோதான் இருக்கும். ஈரச் சட்டையோடு வகுப்பிலே நடுங்கும் பிள்ளையும் உண்டு. சட்டை காயாமையால் வராது நின்றுவிடும் பிள்ளையும் உண்டு. அவ்வாறு நின்ற நாளுக்குரிய பாடம் அப்பிள்ளைக்கு எளிதில் மீள்வதில்லை. சீருடையின் பழுப்பைக் கண்டு அத்தாயின் துப்புரவை அளக்க முற்படுவோர், முதலில் வானத்தை நோக்குவாராக.

நம் கல்லூரியின் பழைய மாணவர் நாடெங்கும் அதிபராகவும் ஆசிரியராகவும் அலுவலராகவும் பணிபுரிகின்றனர். மலைநாட்டுப் பாடசாலைகளுக்கு உதவ விழையும் அன்பர்கள் புத்தகங்களை அனுப்புவது சாலவும் நன்று. அதனோடு, பிள்ளைக்கு இரண்டாவது சோடி சீருடை ஒன்றும், மழை புகாது காற்று மட்டும் புகும் கூரைப் பந்தலும், அதன்கீழ் நீண்ட கொடியும் கிடைக்குமாயின், ஆனி ஆடி மாதங்களில் எமது வகுப்பு வரவேட்டில் வெற்றிடங்கள் குறையும். செலவு சிறிது. அதன் பயனைப் பிள்ளைகள் வந்தமர்ந்த வாங்குகளே காட்டும்.